எல் யுங்கேயின் அருவி மடுக்கள்

புவேர்ட்டோ ரிக்கோ தீவின் வடகிழக்கு மூலையில் லுகியோ மலைத்தொடர் கடலோரத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள்ளேயே 1,000 மீட்டருக்கு மேல் எழும்பிவிடுகிறது. அதன் மேல் படர்ந்துள்ள எல் யுங்கே காடு ஏறக்குறைய 11,500 ஹெக்டேர்தான். ஆனால் அமெரிக்காவின் தேசியக் காடுகளில் வெப்பமண்டல மழைக்காடு இது ஒன்றே. 1876-இல் ஸ்பெயின் மன்னர் பன்னிரண்டாம் அல்போன்சோவின் ஆட்சியில் இதன் ஒரு பகுதி அரச காடாக ஒதுக்கப்பட்டது. 1898-இல் தீவு அமெரிக்காவின் கைக்கு மாறிய பின், 1903-இல் மீண்டும் ஒதுக்குக் காடாக அறிவிக்கப்பட்டது. தீவின் மற்ற காடுகள் பெரும்பாலும் வேளாண்மைக்காக அழிக்கப்பட்டபோது இது தப்பியதற்குச் சட்டம் மட்டும் காரணமல்ல. செங்குத்துச் சரிவும் ஓயாத மழையும் கரும்புக்கும் காப்பிக்கும் ஒத்துவரவில்லை.

இந்த மலையின் ஆறுகள் எல்லாமே குட்டையானவை. உச்சியில் ஊறும் தண்ணீர் சில பத்துக் கிலோமீட்டருக்குள் கடலைத் தொட்டுவிடும். அந்தச் சிறு தூரத்தில் 1,000 மீட்டர் இறங்கியாக வேண்டியிருப்பதால், ஆறு ஓடுவதைவிடக் குதிப்பதே அதிகம். சாலையோரத்திலேயே தெரியும் லா கோக்கா அருவியின் உயரம் சுமார் 26 மீட்டர். காட்டுக்குள் நடந்து சென்று பார்க்க வேண்டிய லா மினா 11 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஸ்பானியர் காலத்தில் இந்த ஓடைகளில் பொன் தேடினார்கள். லா மினா என்ற பெயரே சுரங்கத்தைக் குறிப்பதுதான். லா மினா ஓடை கீழே மாமெயெஸ் ஆற்றில் சேர்கிறது. அந்த ஆறு காட்டின் அடிவாரத்தில் யானைப் பருமனுள்ள பாறைகளுக்கிடையே அடுத்தடுத்து மடுக்களாகத் தேங்கி இறங்குகிறது. உள்ளூர்க்காரர்கள் இம்மடுக்களைச் சார்கோ என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சான் ஹுவான் நகரத்துக் குடும்பங்கள் சோற்றுப் பாத்திரத்தோடு வந்து நாள் முழுக்க இறங்கிக் கிடப்பது இவற்றில்தான். இதே காட்டில் உள்ள பான்யோ கிராண்டே, பான்யோ தே ஓரோ என்ற இரண்டு குளங்கள் இயற்கையானவை அல்ல. 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலையற்ற இளைஞர்களைக் கொண்டு அரசு கட்டியவை அவை.

அருவிக்குத் தண்ணீர் தருவது கடல். அட்லாண்டிக்கின் மேல் ஆண்டு முழுவதும் கிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று ஈரத்தைச் சுமந்து வந்து முதலில் மோதும் உயர்நிலம் லுகியோ மலைதான். மேலேற வேண்டிய கட்டாயத்தில் காற்று குளிர்கிறது. 600 மீட்டர் உயரத்தை ஒட்டி மேகம் கட்டுகிறது. அடிவாரத்தைவிட உச்சியில் மழை இரண்டு மடங்குக்கு மேல். அங்கே ஆண்டு மழை 4,000 மில்லிமீட்டரைத் தாண்டும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சற்றுக் குறையுமே தவிர, மழையில்லாத மாதம் என்று ஒன்று கிடையாது. பருவமழையை நம்பிச் சில மாதம் பெருகிச் சில மாதம் வற்றும் அருவிகளுக்கும் இதற்கும் உள்ள முதல் வேறுபாடு இது. லா மினா வற்றுவதில்லை.

உயரம் கூடக்கூடக் காடும் மாறுகிறது. 600 மீட்டர் வரை டபோனுகோ மரங்கள். வெள்ளைப் பிசின் வடியும் இம்மரங்களின் வேர்கள் நிலத்தடியில் ஒன்றோடொன்று ஒட்டி வளர்வதால் சரிவில் கூட்டாக நிற்கின்றன. அதற்கு மேல் பாலோ கொலராடோ மரங்களும், செங்குத்தான ஓடைக்கரைகளில் மலைப்பனைகளும். உச்சியில் காற்றுக்கு அஞ்சி ஆளுயரமே வளரும் குட்டைக் காடு. அங்குள்ள பாசியும் இலையும் மழை பெய்யாதபோதுகூட மேகத்திலிருந்து ஈரத்தை வடித்து இறக்கிக்கொண்டிருக்கும்.

இனி பாறை. மாமெயெஸ் வடிநிலத்தின் பெரும்பகுதி, டைனோசர் காலத்தில் கடலுக்கடியில் குமுறிய எரிமலைகளின் சாம்பலும் சிதறலும் படிந்து இறுகிய பாறை. பின்னால் அதன் தெற்குப் பக்கத்தில் குவார்ட்ஸ் டையோரைட் என்ற உருகு பாறை உள்ளே புகுந்தது. அந்த வெப்பத்தில் சுற்றியிருந்த எரிமலைப் படிவுகள் வெந்து கெட்டித்துப்போயின. இன்று மலையின் உயர்ந்த சிகரங்களும் பெரிய அருவிகளும் இந்த வெந்த பாறை வளையத்தில் நிற்பது தற்செயல் அல்ல. மென்மையான பாறையை ஆறு அரித்துச் சரிவாக்கிவிடுகிறது. கெட்டிப் பாறையில் படியாக நின்றுவிடுகிறது.

உள்ளே புகுந்த பாறையின் கதை வேறு. பார்வைக்குக் கருங்கல் போல உறுதியாகத் தெரிந்தாலும், இத்தனை மழையிலும் வெப்பத்திலும் அது வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக உரிந்து மணலாகிவிடுகிறது. அந்தப் பாறையின் மேல் ஓடும் இக்காகோஸ் ஆற்றின் வடிநிலத்தில், பாறை மட்கி இறங்கும் வேகம் பத்து லட்சம் ஆண்டுக்குச் சுமார் 58 மீட்டர் என்று அளந்திருக்கிறார்கள். இவ்வகைப் பாறைகளில் பதிவானவற்றுள் மிக விரைவான சிதைவுகளில் ஒன்று அது. ஒரே மலையில், சில கிலோமீட்டர் இடைவெளியில், ஓர் ஆற்றுக்கு மணற்படுகை, இன்னொன்றுக்குக் குண்டுப்பாறைப் படுகை. குளிக்க வருபவர் காலில் உணரும் வேறுபாடு இதுதான்.

படிகள் ஒரே இடத்தில் நிற்பவையும் அல்ல. சுமார் 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தீவு உயர்ந்தபோது ஆறுகளின் கீழ்ப்பகுதி திடீரெனச் செங்குத்தாகி, அரிப்பு அங்கே தொடங்கியது என்று புவியியலாளர்கள் கருதுகிறார்கள். அந்த அரிப்பின் முன்விளிம்பு அருவிகளாக ஆற்றின் வழியே மெல்ல மேல்நோக்கி நகர்ந்துவருகிறது. உச்சிப் பகுதியை அது இன்னும் எட்டவில்லை. எனவேதான் அருவிகளுக்கு மேலே, மலையின் தலையில், நிலம் எதிர்பாராத வகையில் தணிந்து அகன்று, ஆழமான மட்கிய மண்ணோடு கிடக்கிறது. அருவி என்பது ஆற்றின் முடிக்காத வேலை.

மடுவைத் தோண்டுவது தண்ணீர் மட்டுமல்ல. லா மினா உயரத்திலிருந்து தடையின்றி விழும் நீர்த்தாரை அடியைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரை எட்டக்கூடும். ஆனால் வெறும் தண்ணீர் கெட்டிப் பாறையை அதிகம் தேய்க்காது. அதோடு உருண்டு வரும் கூழாங்கல்லும் குண்டுக்கல்லும்தான் உளி. சுழலில் சிக்கிய கல் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி, ஆட்டுக்கல்லில் குழவி சுழல்வது போல, வட்டக் குழியைக் குடைகிறது. நீர் குறைந்த நாளில் இப்படிப்பட்ட குழிகளைப் படுகைப் பாறையில் காணலாம். சிலவற்றின் அடியில் குடைந்த கல்லே உருண்டையாகத் தேய்ந்து கிடக்கும். கல் மிகக் குறைந்தால் தேய்ப்பு நடக்காது; மிக அதிகமானால் அதுவே அடியில் மெத்தையாகப் படிந்து பாறையைக் காத்துவிடும். இரண்டுக்கும் நடுவே, ஆண்டில் சில நாள் வரும் பெருவெள்ளத்தில்தான் மடு ஆழமாகிறது. மற்ற நாட்களில் அது வெறுமனே நிரம்பி நிற்கிறது. விழும் நீரின் விசை மடுவின் மறுகோடியில் தணிந்ததும், தூக்கி வந்த கல்லை அங்கே போட்டுவிடுகிறது. அந்தக் கல்மேடுதான் மடுவுக்கு இயற்கையான கரை. குழந்தைகள் நின்று விளையாடும் ஆழமற்ற இடமும் அதுவே.

இறங்கியதும் உடல் உணர்வது குளிர். மழைக்காடு என்றாலும் இந்த ஓடைகளின் வெப்பம் பொதுவாக 20 முதல் 24 டிகிரி செல்சியஸ்தான். அதே அளவு வெப்பமுள்ள காற்று இதமாக இருக்க, தண்ணீர் மட்டும் ஏன் நடுக்குகிறது என்றால், தண்ணீர் உடலிலிருந்து வெப்பத்தைக் கடத்தும் திறன் காற்றைப்போல் சுமார் 25 மடங்கு. விழும்போது ஏற்படும் உராய்வில் நீர் சூடாக வேண்டுமே என்ற கேள்வி நியாயமானது, சூடாகத்தான் செய்கிறது. ஆனால் 10 மீட்டர் வீழ்ச்சியின் ஆற்றல் முழுதும் வெப்பமானாலும் நாற்பதில் ஒரு டிகிரிகூடத் தேறாது. சாரல் ஆவியாவதில் அதுவும் போய்விடும்.

அருவியின் வெண்மை நீரின் நிறமல்ல, அதில் சிக்கிய காற்றுக் குமிழிகள் ஒளியைச் சிதறடிப்பது. இதைக் குளிப்பவர் நினைவில் வைக்க இன்னொரு காரணம் உண்டு. குமிழி கலந்த நீரின் அடர்த்தி குறைவு. ஆகவே அது உடலைத் தாங்குவதும் குறைவு. நீச்சல் தெரிந்தவரும் வெள்ளை நுரைக்கு நடுவே எதிர்பார்த்ததைவிட ஆழமாக அமிழ்வார். விழும் நீர் மடுவின் அடிக்குப் போய்த் திரும்பி மேலேறும் இடத்தில் சுழற்சி ஒன்று அருவியை நோக்கியே இழுக்கும். தெளிந்த மடுவின் ஆழமும் ஏமாற்றும். ஒளி விலகலால் நேர் மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு உண்மை ஆழத்தின் முக்கால் பங்குதான் தெரியும்: நாலடி என்று தோன்றினால் ஐந்தடிக்கு மேல். ஆழம் கூடுதலாக இருப்பதால் குதிப்பவருக்கு நல்லதுதானே என்று நினைக்கக் கூடாது. அடியில் இருக்கும் பாறை போன வெள்ளத்துக்கு முன்பு அங்கே இல்லாததாக இருக்கலாம்.

அருவிச் சாரலைப் பற்றி ஒரு வார்த்தை. சிதறும் துளிகள் காற்றில் எதிர்மின் அயனிகளை உண்டாக்கும் என்பதை 1892-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் பிலிப் லெனார்ட் விளக்கினார். இதற்காக அல்ல, கேதோடு கதிர் ஆய்வுக்காக 1905-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். அயனிகள் உண்மை. அவை மனச்சோர்வைத் தீர்க்கும், இரத்தத்தைச் சுத்திகரிக்கும் என்றெல்லாம் சுற்றுலா விளம்பரங்கள் சொல்வதற்கு உறுதியான சான்று இல்லை. அருவியில் நின்றால் நன்றாக இருப்பதற்குக் குளிர்ந்த நீரும் விடுமுறையும் போதுமான காரணங்கள்.

மடுவின் ஓரத்தில் அசையாமல் சற்று நேரம் உட்கார்ந்து பாறையடியைப் பார்த்தால் குடியிருப்போர் வெளியே வருவார்கள். லுகியோ ஓடைகளின் ஆட்சி மீன்களிடம் இல்லை, இறால்களிடம் இருக்கிறது. அவற்றுள் விந்தையானது அட்யா. இதன் முன் கால்களில் கிடுக்கிக்குப் பதில் மயிர்க்கற்றை. நீரோட்டத்தைப் பார்த்தபடி பாறையில் கால் ஊன்றி நின்று, நான்கு கற்றைகளையும் விசிறியாக விரிக்கும். மிதந்து வரும் துகள்கள் அதில் சிக்கும். விசிறியை மடக்கி வாயில் துடைத்துவிட்டு, மறுபடி விரிக்கும். ஒன்று மாற்றி ஒன்றாக, ஓய்வில்லாமல். ஓட்டம் தணிந்த இடத்தில் அதே கற்றைகளைத் துடைப்பமாக்கி அடியில் படிந்த சேற்றைக் கூட்டி உண்ணும். மடுவின் பாறைகள் சேறு படியாமல் கழுவிவிட்டது போலிருப்பதற்குத் தண்ணீரின் வேகத்தோடு இந்த இறாலுக்கும் பங்குண்டு. இதைச் சோதிக்க ஆய்வாளர்கள் படுகையில் சிறு பரப்பைச் சுற்றி மெல்லிய மின்வேலி போட்டு இறால்களை மட்டும் விலக்கிப் பார்த்தார்கள். வேலிக்குள் இருந்த பாறையில் சேறு படிந்தது, வெளியே படியவில்லை.

அதன் அண்டை வீட்டான் சைபோகாரிஸ். ஒல்லியான, கண்ணாடி போன்ற உடலும் நீண்ட மூக்கு முள்ளும் கொண்ட இது, விழுந்த இலைகளைக் கிழித்துத் தின்னும். அது சிந்தும் தூள் கீழே மிதந்து வந்து அட்யாவின் விசிறியில் சேரும். இவை தவிர மாக்ரோபிராக்கியம் பேரினத்து வேட்டைக்கார இறால்கள். நீண்ட கிடுக்கிகளோடு இரவில் உலாவுபவை. புருக்கேனா என்ற நண்டும் உண்டு. தீவில் கடலுக்கே போகாமல் வாழ்க்கை முழுவதையும் நன்னீரில் முடித்துக்கொள்ளும் நண்டு அது ஒன்றே.

இறால்களின் நிலை அப்படியல்ல. தாய் இறால் வயிற்றடியில் சுமக்கும் முட்டை பொரிந்ததும் குஞ்சுகள் நீரோட்டத்தோடு கீழே போய்விடும். உப்பு நீரைச் சேராவிட்டால் அவை வளர மாட்டா. அவை மிதந்து இறங்குவது பெரும்பாலும் இருட்டிய பின் முதல் சில மணி நேரத்தில். கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன்களிடமிருந்து தப்ப அதுவே வழி. முகத்துவாரத்தில் சில வாரம், சில மாதம் வளர்ந்து, விரல் நகத்தளவு உருவெடுத்து ஆற்றில் ஏறத் தொடங்கும். அருவி வந்தால் நீர் விழும் இடத்தை விட்டு விலகி, ஈரம் கசியும் பாறை விளிம்பைப் பிடித்து இரவோடிரவாக நடந்தே ஏறும். லா மினாவின் தலைக்கு மேலுள்ள ஓடையில் உள்ள ஒவ்வொரு இறாலும் சிறு வயதில் கடலில் இருந்து இவ்வாறு ஏறி வந்ததுதான்.

மீன்களிலும் இதுவே கதை. புவேர்ட்டோ ரிக்கோவின் இயல் நன்னீர் மீன்கள் அனைத்தும் வாழ்வின் ஏதோ ஒரு கட்டத்தில் கடலைத் தொட்டவை. மலை மடவையும் பெருவாய் உளுவையும் குஞ்சுப் பருவத்தில் கீழே போய்த் திரும்புகின்றன. விலாங்கு எதிர்த்திசை: சர்காசோ கடலில் பிறந்து, ஆற்றில் வளர்ந்து, சாவதற்குக் கடலுக்குப் போகும். இவற்றில் அருவி ஏறத் தெரிந்தது சிசிடியம் என்ற சிற்றுளுவை. வயிற்றடித் துடுப்புகள் இரண்டும் இணைந்து உறிஞ்சு கிண்ணமாகியிருப்பதால், செங்குத்துப் பாறையில் ஒட்டி ஒட்டி மேலே போய்விடும். இதன் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாக முகத்துவாரத்துக்குத் திரும்பும் நாட்களில் மீனவர்கள் நுண்வலை வீசி அள்ளுவார்கள். சேத்தி என்ற பெயரில் தீவின் வடகரையில் அது பேர்போன உணவு.

மடவையும் பெருவாய் உளுவையும் பெரிய அருவியில் ஏற முடியாது. எனவே அருவி ஒரு கதவு: இறாலை விடும், இறாலைத் தின்னும் மீனை விடாது. அருவிக்கு மேலே இறால்கள் பகலிலும் மடுவின் நடுவே தாராளமாக உலவுகின்றன. கீழே, பாறையிடுக்கில் ஒளிந்து இரவுக்குக் காத்திருக்கின்றன. சைபோகாரிஸின் உடலிலேயே இது எழுதப்பட்டிருக்கிறது. மீன் இருக்கும் கீழ்ப்பகுதியில் அதன் மூக்கு முள் நீளம். மீனில்லாத மேற்பகுதியில் குட்டை. இரண்டும் வேறு வேறு இனமோ என்று ஐயம் எழக்கூடும். மீனின் வாசனை கலந்த நீரில் வளர்த்துப் பார்த்த ஆய்வில், அந்த வேதிக்குறிப்பே முள்ளை நீளச் செய்வது தெரியவந்தது. விழுங்க வரும் மீனின் தொண்டையில் குத்தும் நீளம் தேவைப்பட்டால் மட்டுமே வளர்கிறது. எல் யுங்கேயின் நூறு அதிசயங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், கிளிகளையும் ஆர்க்கிடுகளையும் விட்டுவிட்டு இந்த முள்ளைத்தான் சொல்ல வேண்டும்.

மாலையானதும் மடுவைச் சுற்றிக் கோகி தவளைகளின் இரட்டைச் சுருதி தொடங்கும். தீவின் இந்தச் செல்லத் தவளைக்குத் தலைப்பிரட்டைப் பருவமே இல்லை. இலைமடிப்பில் இட்ட முட்டையிலிருந்து முழுத் தவளையாகவே வெளிவரும். அதன் உறவினம் ஒன்று மட்டும் விரலிடைச் சவ்வோடு அருவிப் பாறைகளில் வாழ்ந்தது. அந்தச் சவ்வுக்கால் கோகியை 1970-களுக்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. உலகெங்கும் தவளைகளைக் கொன்ற தோல் பூஞ்சையின் மேல் சந்தேகம் விழுகிறது.

தெளிந்த காட்டு நீர் தூய நீரா? 1980-களில் மாமெயெஸ் ஆற்றில் நடந்த ஆய்வுகள் இந்தக் கேள்வியைச் சிக்கலாக்கின. நீரில் எஷெரிக்கியா கோலை பாக்டீரியா இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று பொருள் கொள்வது குளிர்நாடுகளில் உருவான வழக்கம். அங்கே குடலுக்கு வெளியே அது அதிக நாள் பிழைக்காது. ஆனால் எல் யுங்கேயில் மனித வாடையே இல்லாத ஓடைகளிலும் அது கிடைத்தது. மரக்கிளைகளில் ஒட்டி வளரும் அன்னாசிக் குடும்பத்துச் செடிகளின் இலைக்குவளையில், தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில் தேங்கிய மழைநீரிலும் கிடைத்தது. வெப்பமும் ஈரமும் மாறாத இடத்தில் அது காட்டுவாசியாகவே வாழ்ந்துவிடுகிறது. ஆகவே இத்தகைய நீரில் அந்தச் சோதனை மட்டும் போதாது. அதற்காக இந்தத் தண்ணீரைக் குடிக்கலாம் என்று அர்த்தமில்லை. எலி, கீரிப்பிள்ளை போன்றவற்றின் சிறுநீர் வழியே எலிக்காய்ச்சல் கிருமி ஓடையில் சேரக்கூடும். 2017-இல் மரியா சூறாவளி குழாய்நீரைத் துண்டித்து மக்களை ஓடைகளுக்கு அனுப்பியபின் தீவில் அந்நோய் கூடி உயிர்ச்சேதமும் நேர்ந்தது. தோலில் காயம் இருந்தால் இறங்காமலிருப்பதும், நீரை விழுங்காமலிருப்பதும் எளிய காப்பு. ஒரு காலத்தில் தீவின் ஆற்றுக் குளியலுக்குப் பெரிய அச்சமாக இருந்தது சிஸ்டோசோமா என்ற இரத்தக்குழாய்ப் புழு. நத்தையில் வளர்ந்து தோல் வழியே நுழைவது. குழாய்நீர், கழிப்பறை, மருந்து, நோய் சுமக்கும் நத்தையோடு போட்டி போட்டு விரட்டிய வேறு நத்தைகள் என்று எல்லாம் சேர்ந்து அதைப் பெரும்பாலும் ஒழித்துவிட்டன.

கிருமியைவிட உடனடியாகக் கொல்லக்கூடியது வெள்ளம். மேலே சிகரத்தில் மேகம் கொட்டும்போது கீழே மடுவில் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். ஏற்கனவே நனைந்து ஊறிய மண் மேலும் குடிக்காது. செங்குத்துச் சரிவு தண்ணீரைச் சில நிமிடங்களில் ஓடைக்குள் தள்ளிவிடும். தீவில் இதற்குக் கோல்பே தே ஆகுவா என்று பெயர். தண்ணீர் அடிக்கும் அடி. தெளிவாக இருந்த நீர் கலங்குவதும், சருகும் சுள்ளியும் மிதந்து வருவதும், அருவியின் ஓசை கனப்பதும் அறிகுறிகள். அவற்றில் எது தெரிந்தாலும், செருப்பைத் தேடாமல், வந்த கரையில் மேடான இடத்துக்கு ஏறிவிட வேண்டும். உடைமைகள் மறுகரையில் இருக்கின்றன என்று ஆற்றைக் கடக்கப் போகக் கூடாது.

பெரிய மாற்றங்களைச் செய்வது சூறாவளிகள். 1989 செப்டம்பரில் ஹியூகோ, 1998 செப்டம்பரில் ஜார்ஜஸ், 2017 செப்டம்பர் 20-இல் மரியா. இலையெல்லாம் உதிர்ந்து நிழல் போய், ஓடைகள் வெயிலுக்குத் திறந்தன. நிலச்சரிவுகள் நடைபாதைகளைத் தின்றன. லா மினா செல்லும் பாதை மரியாவுக்குப் பின் ஆண்டுக்கணக்கில் மூடிக்கிடந்தது. ஆனால் ஓடைக்குள் நடந்தது வேறு. விழுந்த இலையும் வெயிலில் தழைத்த பாசியும் உணவாக, ஹியூகோவுக்குப் பிறகு இறால்கள் பெருகின. சூறாவளி இந்தக் காட்டுக்குப் புதிதல்ல.

மனிதர் செய்வதைத்தான் இந்த ஓடைகளால் எளிதில் ஏற்க முடிவதில்லை. இறால் பிடிப்பதற்காகச் சிலர் சலவைக்கான குளோரின் திரவத்தை மடுவில் ஊற்றுகிறார்கள். வேண்டிய இறாலோடு அந்த நீட்டத்தில் உள்ள மற்ற உயிர்களும் செத்து மிதக்கும். மேலிருந்து வேறு இறால்கள் வந்து குடியேற மாதங்கள் ஆகும். குளிப்பவர்கள் கல்லை அடுக்கி மடுவை ஆழமாக்குவது குற்றமாகத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு கல்லின் அடியிலும் ஒரு குடியிருப்பு இருக்கிறது. சோப்பு கொண்டுவருவோரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரியது குடிநீர்த் தேவை. எல் யுங்கேயில் பிறக்கும் ஆறுகளில் நகரங்களுக்கு நீரெடுக்கத் தாழ்ந்த தடுப்பணைகள் கட்டப்பட்டுள்ளன. 2004-ஆம் ஆண்டு நிலவரப்படி, சராசரி நாளொன்றில் காட்டில் உற்பத்தியாகும் நீரில் சுமார் 70 விழுக்காடு கடலைச் சேருமுன் எடுக்கப்பட்டுவிட்டது. எஸ்பிரித்து சாந்தோ ஆற்றின் தடுப்பணையில் நடந்த ஓர் ஆய்வு, மிதந்து இறங்கும் இறால் குஞ்சுகளில் சராசரியாக 42 விழுக்காடு குழாய்க்குள் போய் மடிவதைக் காட்டியது. அணையைத் தாண்டி நீர் வழியாத வறட்சி நாட்களில் ஒன்றுகூடத் தப்பவில்லை. தீவின் உயர்ந்த அணைகளுக்கு மேலே இயல் இறாலும் மீனும் அறவே இல்லாமல் போன ஓடைகள் உள்ளன. அங்கே பாறையெல்லாம் பாசியும் சேறும்.

மாமெயெஸ் ஆற்றில் மட்டும் பெரிய அணை இல்லை. அங்கே நீரெடுப்பு, ஆற்றின் குறுக்கே சுவர் எழுப்பாமல், படுகைக்கு அடியில் புதைத்த துளைக்குழாய்கள் வழியே நடக்கும்படி அமைக்கப்பட்டது. மணலும் கல்லும் வடிகட்டியாக நிற்கின்றன, குஞ்சுகள் மேலே கடந்துபோகின்றன. 2002-இல் அமெரிக்க நாடாளுமன்றச் சட்டம் ஒன்று மாமெயெஸ், லா மினா, இக்காகோஸ் ஆறுகளின் காட்டுப்பகுதியை அணை கட்டக்கூடாத ஆறுகளாகப் பாதுகாத்தது. மற்ற ஆறுகளின் பழைய தடுப்பணைகளை இடிப்பதும் மாற்றுவதும் செலவு பிடிக்கும் காரியம். ஆனால் இருட்டிய பின் குஞ்சுகள் இறங்கும் அந்தச் சில மணி நேரத்துக்கு நீரெடுப்பை நிறுத்திவைத்தாலே சாவின் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம் என்று எஸ்பிரித்து சாந்தோ ஆய்வே காட்டியிருக்கிறது. அதற்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை.